படிவத்தின் ஏழாவது கட்டம்

"தங்கள் நிறுவனத்தின் தனித்தன்மை யாது?
ஐந்நூறு எழுத்துகளுக்குள்" என்கிறது படிவம்.
ஆறாவது கட்டம் வரை நிரப்பிவிட்டேன்.
மாணவர் தொண்ணூற்றொன்று.
வகுப்பறை நான்கு.
அதில் ஒன்று மழைக்கு ஒழுகும் என்று எழுதவில்லை.
கேமரா மூன்று.
ஓடுவது இரண்டு என்பதையும்.

ஜங்ஷனுக்குப் பின்னால், உரக்கடைக்கு மேலே
இரண்டு மாடி, அவ்வளவுதான் கல்லூரி.
கீழே மூட்டை இறங்கினால்
மேலே இதழியல் வகுப்பு தும்மும்.
முதல் வருஷத்தில் மூக்கைப் பொத்துகிறவர்கள்
மூன்றாம் வருஷம்
எந்த உரம் என்று வாசத்திலேயே சொல்வார்கள்.
இதை எழுதலாமா என்று
வயலட் மேடத்திடம் கேட்டேன்.
"சவத்தத் தள்ளும் கொம்பையா,
பெருசா எதாச்சும் யோசியும்" என்றார் முதல்வர்.

பெரிதாக என்ன இருக்கிறது?
ஒலிப்பதிவு அறை இருக்கிறது.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
மேலப்பாளையத்து ஓட்டல்களில் வாங்கி
நானே சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தது.
கதவைச் சாத்தினால்
நம் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும்,
பதினொன்று நாற்பது வரைக்கும்.

பதினொன்று நாற்பதுக்குச் செங்கோட்டை வண்டி.
முட்டை அட்டைக்கு அது கட்டுப்படாது.
தரை வழியாக ஏறி
மேசைக்கால் வழியாக
மைக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
நாற்பது நொடி.

ஆகவே எங்கள் பிள்ளைகள் நிறுத்தப் பழகினார்கள்,
சொல்லின் நடுவில் என்றாலும்.
"தாமிரப—" என்று நிற்பாள் ஜமீலா பீவி.
உதடு அப்படியே இருக்கும்.
கடைசிப் பெட்டி கடந்ததும்
"—ரணியில் நீர்வரத்து" என்று தொடர்வாள்
அதே குரலில், அதே உயரத்தில்.
ஒட்டுப்போட்ட இடம்
எனக்கே தெரியாது.

பழக்கம் அறையோடு நிற்கவில்லை.
மாடிப்படியில் ஒரு ட்ரைபாடுக்காக
இசக்கிராஜும் பெனிட்டாவும் மல்லுக்கு நின்றார்கள்.
"ஏட்டி, நீயெல்லாம் ஒரு—"
வண்டி வந்தது.
இருவரும் வாய்திறந்தபடி, எதிரெதிரே.
வண்டி போன பிறகு
அந்தச் சொல் அவனுக்குத் தேவைப்படவில்லை.
"நீயே கொண்டுபோ" என்றான்.
அதன் ஒரு கால் மறை கழன்றது என்பது வேறு விஷயம்.

முப்பிடாதி இப்போது சென்னையில் ரேடியோவில் இருக்கிறாள்.
போனில் சொன்னாள்:
"அண்ணாச்சி, இங்கன ஒரு சத்தமும் வராது.
ஆனா அந்நேரம் ஆச்சுன்னா
எனக்கு மூச்சு தன்னால நிக்கி."

ஆய்வுக்குழு போன செவ்வாய் வந்தது.
மூன்று பேர். ஒருவருக்குச் சர்க்கரை இல்லாத காபி.
விளம்பரத்துறை வளர்ந்த விதத்தை
மேடம் விளக்கிக்கொண்டிருந்தார்.
பதினொன்று நாற்பது.
மேடம் நிறுத்தினார்.
நான்கு வகுப்பும் நின்றன.
ஜெராக்ஸ் மூடியைத் தூக்கியபடி நானும்.

வண்டி வரவில்லை.
எங்கோ தண்டவாள வேலை என்று பிறகுதான் தெரிந்தது.
உள்ளே இழுத்த மூச்சோடு
வராத ஒன்றுக்கு வழிவிட்டு நின்றோம்.
கீழே தராசில் கல் வைக்கிற சத்தம்.
"ரெண்டு பொட்டாஷ்" என்று யாரோ கேட்டது.
இத்தனை வருஷமாக
இந்நேரத்தில் எங்கள் தெரு எப்படி ஒலிக்கும் என்று
எங்கள் யாருக்கும் தெரியாது.

காபிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
"யாராவது தவறிட்டாங்களா?" என்றார், மெல்ல.
"இல்ல சார், வண்டி" என்றேன்.
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
வெறும் தண்டவாளம், வெயில்.
மேடம் விட்ட எழுத்திலிருந்து தொடங்கினார்.

இன்று படிவத்துக்குக் கடைசி நாள்.
"பேசக் கற்றுத்தருகிறோம்" என்று எழுதி அடித்தேன்.
அதை எந்த ஊரிலும் எழுதலாம்.
"தினமும் நாற்பது நொடி நாங்கள்" என்று
மறுபடி தொடங்கும்போது
மேசைக்கால் அதிர்ந்தது.
பேனாவைத் தாளிலிருந்து தூக்கினேன்.

இன்று இரண்டு நிமிடம் தாமதம்.